கை

மார்ச் மாதத்தில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு புகார்கள்.
படித்தோம், பிரித்தோம், நிறம் பூசினோம்.
செயலி பாதியில் நின்றால் சிவப்பு.
எழுத்து தெரியவில்லை என்றால் மஞ்சள்.
சும்மா திட்டினால் சாம்பல்.
(திட்டுகளை கியெர்ட்ருட் தனியே சேர்த்து வைக்கிறாள்.
வடக்குக் கடற்கரைத் திட்டுக்கு உப்பு அதிகம் என்பாள்.)

ஒன்று மட்டும் எந்த நிறத்திலும் ஒட்டவில்லை.
அனுப்பியவர் ஹால்வார்ட், 'ஸ்யூலா' என்ற படகு,
போட்ஸ்ஃபியோர்ட் துறைமுகம்.
நட்சத்திரம் ஒன்று.
கருத்து: கை.

அவ்வளவுதான்.
முற்றுப்புள்ளி உட்பட.

ட்ரொண்ட்ஹெய்மில், கதகதப்பான அறையில்,
அரைமணி நேரம் அந்தக் கையைப் பிசைந்தோம்.
கை தவறி அனுப்பியிருப்பார் என்றான் வடிவமைப்பாளன்.
கையெழுத்து கேட்கிறாரோ என்றாள் சட்டப் பிரிவுக்காரி.
போதிய தகவல் இல்லை என்று குறித்து
நானே அதை மூடினேன்.

மூன்றாம் நாள் மறுபடி வந்தது.
கைகள்.

விமானம் மாறிப் போனேன்.
இரண்டாவதில் பத்தொன்பது இருக்கை, நாங்கள் ஐந்து பேர்,
ஒரு பெட்டி தக்காளி.
விடியுமுன் படகேறினேன்.
பனி கடலில் விழுந்து சத்தமில்லாமல் காணாமல் போனது.
ஹால்வார்ட் பேசவில்லை. காப்பி ஊற்றினார்.
அதுதான் வரவேற்பு என்று பிறகு புரிந்தது.

முதல் வலை ஏறியது.
கையுறையைப் பல்லால் கடித்து உருவினார்.
மீன் வகை, தொட்டார்.
எடை, தொட்டார்.
ஆழம். இடம். நேரம்.
உறுதியா?
நிச்சயமாக உறுதியா?

ஏழு தொடல்.
எங்கள் மேசையில் அதற்கு ஒன்பது நொடி.
அந்த ஒன்பதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி
கேக் வெட்டியிருந்தோம்.
இங்கே ஒன்பதாம் நொடியில் விரல் வெளுத்தது.
அப்புறம் அது விரல் என்றே
திரை ஒத்துக்கொள்ளவில்லை.
கடைசி 'உறுதி'யை அவர் மூக்கால் அழுத்தினார்,
தினமும் செய்கிற வேலைபோல.

அன்று பதினோரு வலை.
எண்ணிக்கொண்டே இருந்தேன். பிறகு எண்ணவில்லை.
கைப்பேசிக்கென்று செய்தோம் செயலியை.
பேசி நினைவிருந்தது.

திரும்பி வந்து ஐந்து கேள்விகளைத் தூக்கி எறிந்தோம்.
இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லட்டும்,
எடையைக் கரைக்கு வந்தபின் கேட்டுக்கொள்ளலாம்.
மிச்சம் ஒரே பொத்தான்,
கையுறைக் கட்டைவிரல் அகலத்துக்கு.
அழகில்லை என்று வடிவமைப்பாளன் ஒரு வாரம்
என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியிட்ட ஐந்தாம் நாள், ஹால்வார்ட்.
நட்சத்திரம் ஒன்று.
'அலை தெறித்தால் பொத்தான் அழுந்துகிறது.
பிடிக்காத ஹாடக் மூன்று டன் என் கணக்கில்.
மீன்வளத் துறையிலிருந்து ஆள் வந்தார்.
நல்ல ஆள். காப்பி கொடுத்தேன்.'

அலுவலகமே எழுந்து வந்து நின்று வாசித்தது.
இத்தனை வாக்கியங்கள்!
மனிதர் வாயாடி ஆகிவிட்டார் என்றாள் கியெர்ட்ருட்,
எந்தக் கோப்பிலும் போடாமல்.

இப்போது அந்தப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும்.
துளி தெறித்து ஓடிவிடும், கை தங்கும்.
உறைந்த துளியும் தங்கும் என்பது
டிசம்பரில் எங்களுக்குச் சொல்லப்படும்.

இன்றிரவு, மூடியவற்றைத் திறந்து பார்க்கிறேன்.
போதிய தகவல் இல்லாதவை அறுநூற்று முப்பது.
ஒருவர் வெறும் கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
ஒருத்தி, லோஃபோட்டனிலிருந்து, மூன்று தரம்:
இரவு.
இரவு.
இரவு.
அனுப்பிய நேரம் மூன்றும் அதிகாலை மூன்று நாற்பது.
அந்நேரம் திரை அவள் கண்ணில் என்ன செய்தது?
மறு கையில் எதைப் பிடித்திருந்தாள்?

பயணச் சீட்டுக்கு விண்ணப்பிக்கிறேன்.
காரணம் என்ற கட்டத்தில் ஏழு வரி இடம்.
ஒரு சொல் எழுதி அனுப்பினேன்.

காலையில் நிதிப் பிரிவிலிருந்து பதில்:
போதிய தகவல் இல்லை.